ஏழாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் பூட்ஸ்

என்னை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தது பாவாடை நாடா. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போய்த் திரும்புகிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்கள் முதலாளி ராஜமாணிக்கம் ஒரு நாடாக் கம்பெனி நடத்தினார். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. ஏரித் தண்ணீர் நின்று போனதும் பாதி நிலத்தை மனை போட்டு விற்றார், மீதியில் ஷெட் போட்டார். பாவாடை நாடா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரிப்பன், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி, இதுதான் எங்கள் சரக்கு. நான் அங்கே ஃபிட்டர். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். என் இங்கிலீஷ் முழுக்கப் பல்லாவரத்து ஆங்கிலோ இந்திய ஃபோர்மேன் ஒருவர் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது. அதில் திட்டு போக மிச்சத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பழைய தறிகள் நான்கும் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. முதலாளி அவற்றைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டார். இங்கிலாந்தில் வடக்கே ஒரு மலையூரில் பழைய நாடாத் தறி நான்கு விலைக்கு வருவதாக ஏஜென்ட் ஒருத்தர் சொல்லி, போட்டோவும் அனுப்பியிருந்தார். போட்டோவில் இரண்டு தறிகள் பச்சை பெயின்ட்டில் பளபள என்றிருந்தன. மற்ற இரண்டும் துருப் பிடித்து ஓரமாக நின்றன.

"நீ போய்ப் பாரு ஏழுமல. ஓட்டிப் பாரு. வெள்ளிக்கிழமை போன் பண்ணி நல்லாக் கீதுன்னு சொன்னா ஏத்திடுவாங்க. கப்பல் ஏறின சாமான் திரும்பி வராது, பாத்துக்கோ" என்றார் முதலாளி.

கம்பெனியில் பதினெட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசி அஸ்தினாபுரத்துப் பெண்கள். அதில் ஒருத்தி கஸ்தூரி, என் பெண்டாட்டி. "நல்ல தறியாப் பாத்துக்கினு வா. இல்லாங்காட்டி வராத" என்று சொல்லி, ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாயையும் பெட்டியில் வைத்தாள்.

திங்கட்கிழமை அந்த ஊர் பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பெரிய மீசை, எருமைக்கடா மாதிரி உடம்பு. என்னைப் பார்த்து, "ஏறு, லவ்" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். அடுத்த ஸ்டாப்பில் ஏறிய வயசான அம்மாவுக்கும் லவ். அவர் கையிலிருந்த நாய்க்கும் லவ். அப்புறம்தான் மூச்சு வந்தது. நம்ம ஊரில் கண்ணு என்கிற மாதிரி, அங்கே எல்லோருமே லவ்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்து இங்கிலீஷ் ரேடியோவில் வருகிற இங்கிலீஷ் இல்லை. பாதி எழுத்தை முழுங்கிவிட்டு மீதியை நம் மேல் எறிவார்கள். நம்ம மெட்ராஸ் பாஷை மாதிரி. அதனால் அவர்கள் சொன்னதை நானும் நம்ம பாஷையிலேயே எழுதுகிறேன். அதுதான் நியாயம்.

பஸ் மேலே ஏறியது. ஏற ஏற மரம் குறைந்து, கடைசியில் ஒன்றுகூட இல்லை. மொட்டை மலை. திரிசூலம் மலையைக் கல் உடைத்து மொட்டையாக்கினார்களே, அந்த மாதிரி என்று நினைத்தேன். இல்லை, இது பிறவியிலேயே மொட்டை. கண்ணுக்கெட்டின தூரம் பழுப்பும் ஊதாவுமாக முழங்கால் உயரப் புதர், அதற்கு மேலே தலையில் இடிக்கிற மாதிரி மேகம். நடுவில் ரோட்டில் ஏழெட்டு ஆடுகள் கால் நீட்டிப் படுத்திருந்தன. டிரைவர் ஹார்ன் அடித்தார். வேளச்சேரி ரோட்டு மாடு மாதிரியே அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகத் தள்ளினார். அவற்றையும் லவ் என்றுதான் கூப்பிட்டார்.

எனக்கு ஸ்டாப்பைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயம். "இதுவா சார்?" என்று நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் இல்லை என்றார். ஐந்தாவது தடவை கேட்க வெட்கப்பட்டு நானே இறங்கிவிட்டேன். பஸ் போனது. சுற்றிலும் காற்று, நான், பெட்டி. ஊரைக் காணோம்.

ஒரு மைல் நடந்தேன். மலை விளிம்பில் ஒரு பெரிய ஏரி. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஏரி கீழே இருக்கும், வீடு ஏரிக்குள்ளே இருக்கும். இவர்கள் ஏரியை மலை உச்சியில் கட்டி, மில்லைப் பள்ளத்தில் கட்டி, நடுவில் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இறங்கி வந்து மில்லுக்கு வேலை செய்துவிட்டுப் போய்விடும். வீட்டுக்குள் வராது. மழைக்காலத்தில் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துப் பழகினவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மேலிருந்து பார்த்தால் ஊர் படிக்கட்டு மாதிரி இருந்தது. ஒரு வரிசை வீடு, அதற்குக் கீழே ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று. எல்லாம் கருங்கல். பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கல் கறுப்பு இல்லை. மில் புகை நூறு வருஷமாகப் படிந்த கறுப்பு. உள்ளே கல்லுக்குத் தேன் நிறம்.

நான் தங்கின வீட்டுக்காரம்மா பெயர் டோரத்தி. மில்லில் நூல் சுற்றி ரிட்டயர் ஆனவர். "உள்ள வா லவ், காத்து உள்ள வர்றதுக்குள்ள கதவச் சாத்து" என்றார். வாசற்படி நேராக ரோட்டில் இறங்கியது. காம்பவுண்டு இல்லை, கேட் இல்லை. படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் டோரத்தி அம்மா இங்கிருந்தே அவரை வாழ்த்துவார்.

அந்த ஒற்றைச் சுவர் என் மண்டையைக் குடைந்தது. அஸ்தினாபுரத்தில் அரை கிரவுண்டு வாங்கினவன்கூட முதலில் கட்டுவது சுவர்தான். அரை அடி உள்ளே வந்துட்டான் என்று போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போவான். "இதில் ஆணி அடிச்சா யாரோட சுவரில் அடிச்சதா கணக்கு?" என்று டோரத்தி அம்மாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "சின்ன ஆணியா அடி" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டும் ஒரே அச்சு. ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே ஊதாத் தாழ்ப்பாள். எங்கள் தெருவில் ஒருத்தன் வீட்டு கிரில் மாதிரி இன்னொருத்தன் வைக்க மாட்டான், வைத்தால் மானப் பிரச்சினை. இங்கே எண்ணிக்கொண்டே வந்து ஒரு கதவைத் திறந்து உள்ளே போனேன். பனியன் போட்ட ஒருவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை.

"டோரத்தி வூடா? அடுத்த கதவு. டீ குடிச்சிட்டுப் போறியா?"

மறுநாள் காலையில் என் பையிலிருந்த சிவப்பு ரிப்பன் சாம்பிளில் ஒரு முழம் கிழித்து டோரத்தி அம்மா வீட்டுத் தாழ்ப்பாளில் கட்டினேன். சாயங்காலம் மில்லிலிருந்து வந்து பார்த்தால் ஐந்து கதவில் சிவப்பு ரிப்பன் ஆடுகிறது. குழம்பிப் போய் ஒரு கதவைத் திறந்தேன். அதே பனியன்காரர். மேஜையில் இரண்டு கப்.

"வா. ஒனக்கோசரம்தான் போட்டு வச்சிக்கீறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டினார். அந்தப் பக்கம் டோரத்தி அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கஞ்சி. ஓட்ஸ் கஞ்சி என்று பெயர், அதில் சர்க்கரை போட்டார்கள். நான் ஊறுகாயை எடுத்து வந்து தொட்டுக்கொண்டேன். டோரத்தி அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு துளி குடு" என்றார். ராத்திரி அவித்த பச்சைப் பட்டாணியைக் கூழாகப் பிசைந்து உருளைக்கிழங்கோடு கொடுத்தார்கள். கடுகு தாளித்துக் கொட்டியிருந்தால் சொர்க்கம்.

இனி மில். செவ்வாய்க்கிழமை காலையில் போனதும் ஃபோர்மேன் ஆல்பர்ட் வந்தார். ஐம்பத்தைந்து வயது, வழுக்கை, காதில் பஞ்சு. கை குலுக்கிவிட்டு நேராக என் செருப்பைப் பார்த்தார்.

"இத்தப் போட்டுக்கினு உள்ள வரக்கூடாதுபா. பூட்ஸு. எழுதிப் போட்டுக்கீது பாரு."

வாசலில் போர்டு இருந்தது. போன வருஷம் யாரோ காலில் இரும்பு விழுந்து விரல் போனதாம். அப்போதிலிருந்து மூக்கில் இரும்பு வைத்த பூட்ஸ் போடாமல் யாரும் ஷெட்டில் கால் வைக்கக்கூடாது. ஸ்டோரில் இருந்தது பத்தாம் நம்பர் மட்டும்தான். என் கால் ஏழு. மிச்ச இடத்தில் அங்கே கிடந்த வேஸ்ட் நாடாவைத் திணித்துக்கொண்டேன். நடந்தால் குதிரை வருகிற மாதிரி சத்தம்.

ஷெட்டுக்குள் இருபது தறி ஓடியது. ரயில் பாலத்துக்கு அடியில் நிற்கிற மாதிரி இரைச்சல். அந்த இரைச்சலிலும் பெண்கள் பேசிக்கொண்டார்கள், வாயைத் திறந்துதான், ஆனால் சத்தம் இல்லாமல். உதட்டைப் பெரிதாக அசைப்பார்கள், நாற்பதடி தள்ளி நிற்பவர் படித்துப் பதில் சொல்வார். தினமும் பேசி அவர்களுக்குப் பழக்கம். ஒருத்தி என்னைக் காட்டி எதையோ அசைக்க, ஷெட்டே சிரித்தது.

"இன்னா சொல்றாங்க?" என்று ஆல்பர்ட் காதருகே கத்தினேன்.

"பூட்ஸு நடக்குது, ஆளக் காணோம்னு சொல்றாங்க."

எங்கள் நான்கு தறியும் கோடியில் இருந்தன. ஓட்டிக் காட்டினார். பச்சை இரண்டும் அழகாக ஓடின. துரு இரண்டும் கடகடத்துக்கொண்டே ஓடின. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் உள்ளே எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது! நான் மெஷின் பார்க்கிற விதம் வேறு.

குரோம்பேட்டையில் நாங்கள் யாரும் ஷெட்டுக்குள் செருப்பு போட மாட்டோம். மெஷின் இருக்கிற இடம் பூஜை இடம் மாதிரி. வெறுங்காலோடு போய்த் தறியின் இரும்புப் பாதத்தில் என் பாதத்தை வைப்பேன். காது எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் கேட்கும், ஒன்றும் விளங்காது. கால், தான் தொட்ட மெஷினை மட்டும்தான் கேட்கும். பேரிங் தேய்ந்திருந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஷாஃப்ட் வளைந்திருந்தால் குதிகாலில் நொண்டும். பதினைந்து வருஷமாக இதுதான் என் படிப்பு. இப்போது அந்தப் படிப்பைப் பத்தாம் நம்பர் பூட்ஸுக்குள் போட்டு நாடாவால் அடைத்தாயிற்று.

பூட்ஸைக் கழட்டலாமா என்று கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. காட்டிலிருந்து வந்தவன் என்று நினைத்துவிட்டால்? ரூலை மதிக்காதவன் என்று முதலாளிக்கு எழுதிவிட்டால்? புதன்கிழமை காலை முழுக்கத் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். போல்ட்டை முடுக்கினேன், முடுக்கினதையே தளர்த்தினேன், மறுபடி முடுக்கினேன். மத்தியானம் மழை நின்றதும் யோசிக்கலாம் என்று மலை மேலே ஏறினேன். சிமென்ட் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கின சுவர் மலை முதுகில் மைல் கணக்கில் போகிறது. யாருக்கும் யாருக்கும் நடுவில் அந்தச் சுவர்? இரண்டு பக்கமும் ஆடுகள்தான். தரை ஊறின ரொட்டி மாதிரி பொதபொத என்றிருந்தது. ஒரு கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தால் கால் வந்தது, என் சொந்தச் செருப்பு வரவில்லை. அந்த மலைக்கு அது காணிக்கை.

வியாழக்கிழமை காலையில் பச்சைத் தறி முன்னால் நின்றேன். மறுநாள் மத்தியானம் போன் பண்ண வேண்டும். நல்லாக் கீது என்று சொல்லிவிடலாம், ஓடத்தானே செய்கிறது. ஆனால் அங்கே போய் நின்றுவிட்டால் பதினெட்டுப் பேர் முகத்தில் எப்படி முழிப்பது? கஸ்தூரி முகத்தில் முழிக்கவே வேண்டாம், நேராகத் தாம்பரத்தில் ரயில் ஏறி வேறு ஊருக்குப் போய்விட வேண்டியதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு ஆல்பர்ட்டிடம் கேட்டே விட்டேன். "சார், நான் பூட்ஸைக் கழட்டணும்."

"எதுக்கு? கடிக்குதா?"

"இல்ல சார். மெஷினைக் காலாலதான் பார்ப்பேன். எங்க ஊர்ல அப்படித்தான்."

ஆல்பர்ட் என்னைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். "அத்த என் கண் முன்னாடி செய்ய முடியாதுபா. பாத்தா ரெஜிஸ்டர்ல எழுதணும்" என்றார். சரி சார் என்று திரும்பப் போனேன். அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு, "நான் டீ போடப் போறேன். என் டீக்குப் பத்து நிமிஷம் ஆவும். போட்டுட்டு விசிலடிச்சிக்கினே வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பூட்ஸையும் கழட்டி வீசினேன். தரைக் கல் ஐஸ் கட்டி. கண்ணில் தண்ணீர் வந்தது. முதலில் துருத் தறி மேல் கால் வைத்தேன். கடகடப்பு எல்லாம் மேல் சங்கதி, ஒரு தகடு தளர்ந்த சத்தம். அடியில் உடம்பு கெட்டியாக, ஒரே சீராக அடித்தது. இரண்டாவது துருவும் அப்படியே. அப்புறம் பச்சை. இடது பாதம் ஜிவ்வென்று பேசியது. வலது பாதத்தில் ஒன்றுமே இல்லை. ஊமை. உள்ளங்காலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன், ஊமைதான். இரண்டாவது பச்சையில் தறி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் விரலில் கிள்ளியது.

விசில் சத்தம் கேட்டது. பாய்ந்து பூட்ஸுக்குள் காலை நுழைத்தேன். ஆல்பர்ட் இரண்டு கப்போடு வந்தார்.

"சார், தறிய நிறுத்துங்க. ஒரு சுத்தியல் குடுங்க."

நிறுத்தினதும் பச்சைத் தறியின் இடது சட்டத்தில் தட்டினேன். டிங் என்று மணி மாதிரி சொன்னது. வலது சட்டத்தில் தட்டினேன். டொக். ஸ்க்ரூ டிரைவரால் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே ஓட்டை அடைக்கிற மக்கு பூசியிருந்தது. அதையும் சுரண்டினேன். வார்ப்பு இரும்பில் மேலிருந்து கீழே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். இரண்டாவது பச்சையிலும் அடிப்பாதத்துக்கு மேலே ஒன்று.

ஆல்பர்ட் குனிந்து பார்த்தார். கப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் தடவினார். "ஏஜென்ட்டு பெயின்ட் அடிக்க ஆளக் கூட்டியாந்தப்ப, ரெண்டுக்கு மட்டும் எதுக்குடா அடிக்கிறான்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் என் பூட்ஸைப் பார்த்தார். அவசரத்தில் இடதும் வலதும் மாற்றிப் போட்டிருந்தேன். பார்க்காத மாதிரி டீக் கப்பை என் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பகல். அங்கே மத்தியானம் என்றால் குரோம்பேட்டையில் விளக்கு வைக்கிற நேரம். டோரத்தி அம்மா வீட்டு நடையில், மாடிப்படிக்கு அடியில் போன். நம்பரை இரண்டு தடவை தப்பாகச் சுற்றினேன். மூன்றாவது தடவை முதலாளி எடுத்தார்.

"ஏழுமல! ஓடுதா?"

"ஓடுது முதலாளி."

"அப்பா! நாலும் நிக்க சிமென்ட் பெட்டு போட்டு வச்சாச்சு. ஏத்தச் சொல்லிடு."

"நாலும் வேணாம் முதலாளி. ரெண்டு போதும்."

"பெயின்ட் அடிச்ச ரெண்டா?"

"இல்ல. துருப் புடிச்ச ரெண்டு."

லைனில் கடல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். கட் ஆகியிருந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"இன்னா ஏழுமல, குளிர்ல மூளை கீளை ஒறஞ்சி பூட்ச்சா? போட்டோல பாத்தேனே, பச்ச ரெண்டும் மாப்பிள்ள மாதிரி நிக்குது."

"உள்ள விரிசல் முதலாளி. மக்கு வச்சி பெயின்ட் அடிச்சிக்கீறாங்க. அங்க வந்து ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் ரெண்டாப் பொளந்துடும்."

"அந்த வெள்ளக்கார ஃபோர்மேன் இன்னா சொல்றாரு?"

"அவரு டீ போடப் போய்ட்டாரு முதலாளி."

என் பின்னால் டோரத்தி அம்மா சமையலறைக் கதவோரம் அசையாமல் நின்றார். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் போகவில்லை. முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏஜென்ட்ட வுடு. ஃபோர்மேன வுடு. நீ இன்னா சொல்ற?"

இந்தக் கேள்வியை அதுவரைக்கும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஃபிட்டரிடம் ஆச்சா, இன்னும் எவ்வளவு நேரம், இதைத்தான் கேட்பார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வேணாம்னு சொல்றேன் முதலாளி. துரு ரெண்டும் நல்ல உடம்பு. ரெண்டையும் ரெண்டு ஷிஃப்டு ஓட்டுனா பதினெட்டுப் பேருக்கும் வேல இருக்கும். என் கால் மேல ஆணையாச் சொல்றேன்."

"கால் மேலயா?"

"ஆமா முதலாளி."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வையி போன. மீதி ரெண்டு பெட்டுல தண்ணி டிரம்மு வச்சிக்கலாம்."

டோரத்தி அம்மா, "கெட்ட சேதியா லவ்?" என்று கேட்டார். இல்லை, நான் என் முதலாளியிடம் வேண்டாம் என்று சொன்னேன் என்றேன். அவர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து ஸ்பூனை நீட்டினார்.

நான் ஆல்பர்ட்டிடம் சொல்ல மில்லுக்கு ஓடினேன். சரிவான கல் ரோட்டில் ஓடும்போதே பயமும் கூட ஓடி வந்தது. துருவில் விரிசல் இருந்து காலுக்குத் தெரியாமல் போயிருந்தால்? குளிரில் கால் மரத்திருந்ததே? ஷெட் வாசலில் ஆல்பர்ட் நின்றிருந்தார். குனிந்து என் காலைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். டோரத்தி அம்மாவின் ரோஸ் நிற வீட்டுச் செருப்பு, முன்னால் பஞ்சுருண்டை வைத்தது.

ஆல்பர்ட் போர்டுக்கும் எனக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "எந்த ரெண்டு?" என்று கேட்டார்.

"துரு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கமாக நீட்டினார். நான் உள்ளே போய் இரண்டு துருத் தறியின் மேலும் குரோம்பேட்டை என்று தமிழில் பெரிசாக எழுதினேன். ஷெட்டின் அந்தக் கோடியில் ஒருத்தி உதட்டை அசைத்து என்ன என்று கேட்டாள். நானும் சத்தமே வராமல், உதட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.